விளையாட்டில் பிறந்த மெட்டு வீட்டில் ஒலிக்கட்டும்

பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஓயாது விளையாடுவது நம் இல்லங்களின் பெருங்கவலையாகும். அக்கவலை நியாயமானதே. எனினும், அவ்விளையாட்டுகளில் ஒலிக்கும் மெட்டைக் காதால் பிடித்து, கித்தாரிலோ வயலினிலோ புல்லாங்குழலிலோ வாசித்து, வீட்டிலேயே பதிவு செய்யும் இளைஞரும் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்களையும் பொழுதை வீணாக்குவோர் எனத் தள்ளிவிடுதல் முறையாகுமா?

1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுக் கருவி, ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளையே எழுப்பவல்லது. அவற்றுள் மெட்டுக்கு உகந்தவை மூன்றே. 1985இல் கோஜி கோண்டோ என்பார் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இச்சிறு வசதியைக் கொண்டே இசையமைத்தார். அலங்காரத்துக்கு இடமில்லாததால் மெட்டே முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. ஆதலின், ஒற்றைக் கித்தாரில் வாசித்தாலும் அதன் சுவை குன்றுவதில்லை. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையில் அதனைச் சேர்த்தது. ‘டெட்ரிஸ்’ விளையாட்டால் உலகறிந்த மெட்டோ, 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப்பாடலாகும்.

நம் குடும்பங்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. 2005இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் நான்காம் பாகத்துக்குக் கிறிஸ்டோபர் டின் அமைத்த பாடலின் சொற்கள், ஆண்டவர் கற்பித்த செபத்தின் சுவாகிலி மொழி வடிவமே. ‘பாபா யேட்டு’ என்றால் ‘எங்கள் தந்தை’ என்பது பொருள். 2011இல் அப்பாடல் கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்கென உருவான இசை அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

ஒலிப்பதிவு சேலத்துக்குப் புதிதன்று. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் பேசும் படங்களை உருவாக்கிய கூடம். அன்று பெருமுதல் கேட்ட பணிக்கு இன்று ஒரு கைப்பேசியும் பொறுமையும் போதும். திருச்செங்கோடு, பள்ளிப்பாளையம் பகுதிகளில் விசைத்தறியின் ஓசை பகலிரவாய்க் கேட்கும். நாமக்கல்லில் லாரிகளின் இரைச்சல். ஆகவே தறி ஓயும் வேளையைத் தேர்ந்து, மின்விசிறியை நிறுத்திப் பதிய வேண்டும். சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். கித்தாரின் துளைக்கு நேரே கைப்பேசியை வைத்தால் ஒலி குமுறும். கழுத்தும் உடலும் சேருமிடத்தை நோக்கி, ஓரடி தள்ளி வைத்தல் நலம். முதலில் பதிந்ததைக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டே, தம்பியோ தங்கையோ மற்றொரு கருவியை இணைத்து வாசிக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. மெட்டு அதனை ஆக்கியவரின் உடைமை. நம் நாட்டுச் சட்டப்படி, அவ்வுரிமை இசையமைப்பாளரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். வீட்டில் வாசித்து மகிழ்வதோடு நில்லாமல் வெளியிட விழைவோர், உரிய அனுமதி பெறுவதும் ஆக்கியவர் பெயரைக் குறிப்பதும் நேர்மையாகும்.

விளையாடும் பிள்ளை கருவி தருவதைப் பெற்றுக்கொள்கிறது. வாசிக்கும் பிள்ளையோ தன் உழைப்பால் பிறருக்கு ஒன்றைத் தருகிறது. ஒரு மெட்டைப் பிழையறப் பதிய இருபது முறை வாசித்துப் பழகும் விரல்கள், ஆலயப் பாடகர் குழுவிலும் பயன் தரும். ஆகவே, “அதை அணைத்து வை” எனக் கடிந்துகொள்ளுமுன், “அதில் கேட்ட மெட்டை எங்களுக்கு வாசித்துக் காட்டு” என அன்புடன் கேட்டுப் பார்ப்போமாக.