பேஸ்பால் அட்டைகளை அணி, பருவம் வாரியாக அடுக்குதல்

பேஸ்பால் அட்டைகளை அணி, பருவம் வாரியாக அடுக்குதல் என்பது, அமெரிக்காவில் வெளியாகும் பேஸ்பால் (அடிபந்தாட்டம்) வீரர்களின் பட அட்டைகளை, வீரர் எந்த அணியில் எந்த ஆண்டு ஆடினார் என்பதைக் கொண்டு பிரித்து வைக்கும் முறையாகும். ஓர் அணியின் வரலாற்றை அட்டைகள் வழியே பார்க்க விரும்பும் சேகரிப்பாளர்கள் இதைப் பின்பற்றுகின்றனர்.

இதற்கு மாற்றான முறை எண் வரிசை. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் வெளியிட்ட தொகுதியை, அட்டையின் பின்புறம் உள்ள எண்படி அடுக்குவது அது. டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டுத் தொகுதியில் 407 அட்டைகள் உள்ளன. ஒன்றில் தொடங்கி 407இல் முடித்தால் வேலை தீர்ந்தது. எந்த அட்டை இல்லை என்பதும் உடனே தெரியும். ஆனால் ஒரே அணியின் வீரர்கள் தொகுதி முழுவதும் சிதறிக் கிடப்பார்கள். பிளீர் நிறுவனம் 1980களில் அணிவாரியாகவே எண்ணிட்டதால், அந்தத் தொகுதிகளில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

ஆண்டை அறிதல்

அட்டையின் முன்புறத்தில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. பின்புறத்திலுள்ள ஆட்டக் கணக்கு அட்டவணையே துணை. அதன் கடைசி வரி முந்தைய பருவத்துக்குரியது. கடைசி வரி 1986 என்றால் அட்டை 1987இல் வெளியானது. புதிதாகச் சேர்ப்பவர்கள் இதை 1986இல் வைத்துவிடுவது வழக்கமான தவறு.

அணியை முடிவு செய்தல்

உண்மையான சிக்கல் இங்குதான். அட்டைகள் பருவம் தொடங்கும் முன்பே அச்சாகின்றன. வீரர்களோ அதற்குள் அணி மாறிவிடுகின்றனர். டேவ் வின்பீல்டு 1980 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரேஸ் அணியிலிருந்து நியூயார்க் யாங்கீசுக்குச் சென்றார். டாப்சின் 1981 முதன்மைத் தொகுதி அவரைப் பாட்ரேஸ் வீரராகவே காட்டுகிறது. அந்த ஆண்டு அவர் அந்த அணிக்கு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அதே ஆண்டு டாப்ஸ் தனியாக வெளியிட்ட 132 அட்டைகள் கொண்ட இணைப்புத் தொகுதியில் அவர் யாங்கீஸ் வீரராக வருகிறார்.

முதல் அட்டையை எங்கே வைப்பது? சிலர் அட்டையில் அச்சானதையே ஏற்று பாட்ரேஸ் 1981 பக்கத்தில் வைப்பர். சிலர் களத்தில் நடந்ததைப் பின்பற்றி யாங்கீஸ் பக்கத்துக்கு மாற்றுவர். அச்சானதை ஏற்பதே நடைமுறையில் நல்லது. இல்லையெனில் ஒவ்வோர் அட்டைக்கும் வீரரின் வாழ்க்கை வரலாற்றைத் தேட வேண்டிவரும்.

அந்த விதியும் 1974இல் தடுமாறுகிறது. பாட்ரேஸ் அணி வாசிங்டனுக்கு இடம்பெயரும் என்று எதிர்பார்த்து, டாப்ஸ் அவ்வணி வீரர்கள் சிலரின் அட்டைகளில் வாசிங்டன் என்று அச்சிட்டது. அணி சான் டியேகோவிலேயே தங்கிவிட்டதால் பின்னர் திருத்தி அச்சிட்டனர். ஆடாத ஓர் அணிக்குத் தனிப்பக்கம் ஒதுக்குவதில் பொருளில்லை. இரு வகையையும் பாட்ரேசிலேயே அடுத்தடுத்து வைப்பது வழக்கம்.

உண்மையாகவே இடம்பெயர்ந்த அணிகளும் உண்டு. டாட்ஜர்ஸ் 1958இல் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கும், மான்ட்ரியால் எக்ஸ்போஸ் 2005இல் வாசிங்டனுக்கும் சென்றன. இவற்றை ஒரே அணியின் தொடர்ச்சியாகக் கொள்வதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக் கொள்ள வேண்டும். பாதியில் மாற்றினால் அனைத்தையும் கலைக்க நேரிடும்.

வைக்கும் முறை

1957 முதல் டாப்ஸ் அட்டைகளின் அளவு 2.5 × 3.5 அங்குலம். ஒன்பது பைகள் கொண்ட நெகிழித் தாள்கள் இதற்கேற்றவை. 1952 அட்டைகள் சற்றுப் பெரியவை என்பதால் இவற்றில் அடங்கா. எட்டுப் பைத் தாள்கள் வேண்டும். பிவிசி நெகிழி நாளடைவில் அட்டையைக் கெடுக்கும் என்பதால் பாலிபுரோப்பிலீன் தாள்களே ஏற்றவை. ஆயிரக்கணக்கான அட்டைகளைத் திரட்டிய ஜெபர்சன் பர்டிக், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்த தம் அட்டைகளைத் தொகுப்பேடுகளில் பசையிட்டு ஒட்டினார். 1963 சனவரி வரை அந்த வேலை நீடித்தது. இன்றைய சேகரிப்பாளர் எவரும் அப்படிச் செய்யத் துணியார். ஒவ்வோர் அணிப் பருவத்தின் இறுதியிலும் சில பைகளைக் காலியாக விட்டால், பின்னர் கிடைக்கும் அட்டைகளுக்காக அடுத்த பக்கங்களை நகர்த்த வேண்டியிராது.