சூடானா நிற்கும்... ஆறினா கிளம்பும்! வண்டியை மக்கர் பண்ண வைக்கும் குட்டி சென்சார்

செஞ்சி:

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகும் வேன்கள், மார்க்கெட் கமிட்டிக்கு நெல், மணிலா மூட்டை ஏற்றி வரும் மினி லாரிகள் என திண்டிவனம்-திருவண்ணாமலை சாலையில் எப்போதும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. கோட்டையைப் பார்க்க வெளியூர் கார்களும் வருகின்றன.

இப்படி ஓடும் வண்டிகளில் ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. நன்றாக ஓடிய வண்டி திடீர்னு ஆப் ஆகிவிடும். எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிடும்!

இதற்கு பெரும்பாலும் காரணமாக இருப்பது விரல் நீளமே உள்ள கிராங்க் சென்சார்.

என்ன வேலை செய்கிறது?

என்ஜினில் கிராங்க் சாப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல கார்களில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்தான் இருக்கும். விடுபட்ட 2 பல் இடைவெளியை வைத்து, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று சென்சார் கண்டுபிடித்து கம்ப்யூட்டருக்கு சொல்லும். அந்த தகவல் வராவிட்டால் பெட்ரோலும் வராது, கரண்டும் அடிக்காது. என்ஜின் சூட்டில் சென்சாருக்குள் உள்ள மெல்லிய கம்பிச்சுருள் விட்டுப்போகும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் இந்தக் கண்ணாமூச்சி.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தய மைதானம் போன்ற இடங்களில் ஓடும் கார்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே சூடும் அதிர்வும் அதிகம் என்பதால் சென்சார் ஒயர் உருகுவதும், கனெக்டர் லூசாவதும் நடக்கும்.

எப்படி கண்டுபிடிப்பது?

* செல்ப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல கார்களில் முள் துளிகூட அசையாவிட்டால் சென்சார் மீது சந்தேகப்படலாம்.

* ஸ்கேனர் போட்டால் பி-0335 என்ற எண் வரலாம். அது வந்த உடனே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. ஒயர் அறுந்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

* கனெக்டரைக் கழற்றி பச்சைப் பாசி, ஆயில் இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். என்ஜின் ஓடும்போது ஒயரை லேசாக ஆட்டினால் இழுத்து நின்றால், கோளாறு ஒயரில்தான்.

* 2 ஒயர் சென்சார் என்றால் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்க்கலாம். ஆறியபோதும் சூட்டிலும் பார்க்க வேண்டும். சூட்டில் மீட்டர் காட்டாவிட்டால் சென்சார் அவுட். 3 ஒயர் சென்சாருக்கு இந்த முறை சரிவராது.

* சென்சார் முனையில் காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் ஒட்டும். சில சமயம் அதைத் துடைத்து மாட்டினாலே வண்டி சரியாகிவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் முதலிலேயே பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர் என்று மாற்றினால் ஆயிரக்கணக்கில் பணம் போகும். வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கு அது பல நாள் சம்பாத்தியம். புது சென்சார் மாட்டியதும் என்ஜின் நன்றாக சூடாகும் வரை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

பைக்கிலும் உண்டு

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புது பைக்குகளிலும் கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதனால் பைக்கிலும் இதே சென்சார் தொல்லை வரலாம்.

ஓடும்போது ஆப் ஆனால்...

பதற்றத்தில் சாவியை உருவிவிடாதீர்கள். ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்! என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகும், பிரேக்கும் கெட்டியாகும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, 4 பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரம்கட்ட வேண்டும். பின்னால் லாரி வரும் சாலையில் இதுதான் உயிரைக் காக்கும்.