மூச்சு முட்டும்போது பிறந்த பாட்டு

2017 மே 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரீனாவில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது தற்கொலைக் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுமிகளும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்து காத்திருந்த பெற்றோரும் உண்டு. ஜூன் 4 அன்று அதே ஊரில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட அரியானா மறுபடி மேடையேறினார்.

பதற்றம் அவருக்கு முன்பே உண்டு. அந்தக் கச்சேரி இடம்பெற்ற சுற்றுப்பயணம் முடிந்து வீடு திரும்பியபின் அது முற்றியது. 2018 ஆகஸ்டில் வெளியான 'ஸ்வீட்னர்' தொகுப்பிலுள்ள 'ப்ரீதின்' பாட்டு, மூச்சு முழுசாக வராமல் தவித்த அந்த அவஸ்தையிலிருந்து வந்ததுதான்.

மூச்சு ஏன் முட்டுகிறது?

ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. ஓடவோ போராடவோ உடல் தயாராகிவிட்டது; ஆனால் எதிரே யாருமில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. தலைசுற்றலும், விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதும் இதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்ற, இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறோம். அவஸ்தை இன்னும் கூடுகிறது. இதை நடிப்பு என்றோ மனப்பிரமை என்றோ ஒதுக்குவது பெரிய அநியாயம். உடலில் நடப்பது அத்தனையும் நிஜம்.

பெரும்பாலும் இந்தத் தவிப்பு பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தணியும்.

காயம் படாதவரின் காயம்

குண்டு வெடித்த அன்று அரியானாவின் உடலில் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கும்போது தன் வேதனையைப் பேசுவது தகுமா என்று அவர் தயங்கியதை 2018-இல் ஒரு பேட்டியில் சொன்னார். விபத்தில் தப்பியவர்கள் பலரும் இப்படித்தான் வாய் மூடிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயாக இருக்கலாம். இதற்கென்றே வகுத்த மனநலப் பேச்சுச் சிகிச்சைகளும், தேவைப்பட்டால் மருந்துகளும் நல்ல பலன் தருகின்றன.

மூச்சு முட்டும் நிமிடத்தில் என்ன செய்வது?

உட்காருங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று அதட்டாமல், கூடவே உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிட்டால் அதுவே பெரிய துணை. காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. நெஞ்சுவலி முதல்முறை வந்தால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சுப் பயிற்சி அந்த நிமிடத்துக்கான முதலுதவி மட்டுமே. உள்ளே கிடக்கும் அதிர்ச்சிக்கு மருத்துவரோ மனநல ஆலோசகரோ வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.