எடை குறைந்த வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

"ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு சொகுசு கேட்டா எப்படி?" கார்ப் பிரியர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வேகமாக வளையும் வண்டி முதுகை உடைத்தே தீரும் என்பது ஒரு ஆழமான நம்பிக்கை. இதற்கு நேர் எதிரான சாட்சி 1962-லேயே இருக்கிறது. லோட்டஸ் எலான், எடை சுமார் 700 கிலோ. வளைவுகளில் அது போன விதத்தை இன்றைக்கும் பொறியாளர்கள் சிலாகிக்கிறார்கள். ஆனால் அதன் ஸ்ப்ரிங்குகள் மென்மையானவை, சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடம் விட்டிருந்தார்கள். மேடுபள்ளத்தில் பெரிய கார்களைவிட நன்றாகவே போகும் என்று பெயர் வாங்கிய வண்டி. 1989-இல் மஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது அதன் முன்மாதிரிகளில் முக்கியமானது இந்த எலான்தான்.

அப்படின்னா இன்று சாலையில் ஓடும் பழைய எம்எக்ஸ்-5 கார்களில் பாதி ஏன் கட்டை வண்டி மாதிரி குலுங்குகின்றன? தொழிற்சாலையில் இருந்து அப்படி வரவில்லை. பின்னால் வந்த உரிமையாளர்கள் அப்படி ஆக்கினார்கள். இந்தக் குறிப்புகளை எழுதக் காரணமும் அப்படி ஒரு வண்டிதான். இங்கே இங்கிலாந்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் வாங்கிய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. முந்தைய உரிமையாளர் வண்டியை நன்றாகத் தாழ்த்தி, காயில்ஓவர் கிட் ஒன்றைப் போட்டிருந்தார். நண்பருக்கு ஏற்கனவே இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. மருத்துவர் வண்டியை மாற்றச் சொல்லிவிட்டார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கிட்டைப் போடச் சொன்னார்கள். விற்பதா, செலவு செய்வதா என்ற நிலையில், "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, பாரேன்" என்றார். பார்த்தேன்.

முதலில் எடைக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ உள்ள காரில் ஒரு மூலைக்கு 250 கிலோ. அதில் சக்கரம், பிரேக், அச்சுப்பகுதி எல்லாம் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங் மேல் உட்கார்ந்திருப்பது 220. விகிதம் ஒன்றுக்கு ஏழு. 2000 கிலோ காரில் மூலைக்கு 500, சக்கரப் பகுதி 50 என்றால் விகிதம் ஒன்றுக்கு ஒன்பது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் துள்ளும்போது அதை அடக்க மேலே இருக்கும் எடைதான் உதவும். இலகு வண்டியில் அந்த உதவி குறைவு. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸின் ஆரம்பகால கார்களில் பிரேக் டிஸ்க்கைக்கூட அலுமினியக் கலவையில் செய்தார்கள். சக்கரத்தோடு துள்ளுவது ஒவ்வொரு கிலோவும் குறைந்தால் லாபம் என்பதுதான் காரணம். நம்ம ஆட்களோ அழகுக்காக 14 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 அங்குல ரிம்மை மாட்டுகிறார்கள். எடையும் கூடுகிறது, டயரின் பக்கச்சுவரும் குறைகிறது. 185/60 டயரில் பக்கச்சுவர் 111 மி.மீ.; 205/40-இல் வெறும் 82.

அடுத்தது ஸ்ப்ரிங். கடினமா மென்மையா என்று கிலோவில் பேசுவது பயன்படாது. வண்டி ஒரு நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஹெர்ட்ஸில் பேச வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வண்டியின் எடையால் ஸ்ப்ரிங் அமுங்கி, சக்கரம் எத்தனை செ.மீ. மேலே வந்திருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். 25 செ.மீ. என்றால் 1 ஹெர்ட்ஸ். சுமார் 6 செ.மீ. என்றால் 2. நாம் நடக்கும்போது உடல் ஏறி இறங்குவது நொடிக்கு ஒன்றரை, இரண்டு தடவை. அந்தத் தாளத்துக்கு உடம்பு பழகியிருப்பதால் காரையும் அதை ஒட்டி அமைக்கலாம் என்று பிரிட்டிஷ் பொறியாளர் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். மனித உடம்பு மேல்கீழ் அதிர்வை அதிகம் உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. அந்தப் பக்கம் நெருங்க நெருங்க இடுப்புக்குக் கேடு.

நண்பரின் வண்டியில் முன்னால் 8 கிலோ ஸ்ப்ரிங், பின்னால் 6. அதாவது ஒரு மி.மீ. அமுக்க 8 கிலோ, 6 கிலோ வேண்டும். ஆனால் ஸ்ப்ரிங் சக்கரத்தின் மேலேயே இல்லை, விஷ்போனின் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தை ஜாக்கியால் 5 செ.மீ. தூக்கிப் பார்த்தோம். டேம்பர் சுமார் 3.5 செ.மீ. சுருங்கியது. 0.7. இதை இரண்டு முறை பெருக்க வேண்டும், ஏனென்றால் விசையும் குறைகிறது, நகர்வும் குறைகிறது. ஆக 8 கிலோ ஸ்ப்ரிங் சக்கரத்தில் 4 கிலோவுக்கும் குறைவாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் முன்னால் 2.1 ஹெர்ட்ஸ், பின்னால் 1.9-க்குச் சற்று மேல். கடினம்தான், ஆனால் முதுகை உடைக்கும் அளவுக்கு இல்லை. டயரும் ரிம்மும் தொழிற்சாலை அளவுதான். வேறு ஏதோ நடக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஆன செலவு சில பென்ஸ். டேம்பரின் பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே உடலோடு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். பிறகு வழக்கமான சாலையில் ஒரு சுற்று. டேம்பர் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்பட்டிருக்கும். நான்கு மூலையிலும் டை நேராகப் போய் பம்ப் ஸ்டாப்பில் முட்டி நின்றது. அதுவும் 50 கி.மீ. வேகத்தில், ஒரு சாதாரண கிராமத்துச் சாலையில்!

பம்ப் ஸ்டாப் என்பது தண்டின் மேல்முனையில் இருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் கட்டை. சஸ்பென்ஷனுக்கு இடம் தீர்ந்துபோகும் கடைசி நேரத்தில் இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அதன் வேலை. வண்டி சும்மா நிற்கும்போதே அந்தக் கட்டைக்கும் டேம்பருக்கும் நடுவே முன்னால் வெறும் 12 மி.மீ. இடைவெளி. சக்கரக் கணக்கில் 17 மி.மீ. அதற்கு மேல் எந்த மேடு வந்தாலும் நண்பர் உட்கார்ந்திருப்பது ஸ்ப்ரிங் மேல் இல்லை, கட்டை மேல். வண்டியைத் தாழ்த்தியபோது தொலைந்தது இந்த இடம்தான்.

என் கருத்தில் இந்த விஷயத்தின் மையமே இதுதான்: சொகுசு என்பது ஸ்ப்ரிங்கின் மென்மையில் இருப்பதைவிட, சக்கரம் நகர இருக்கும் இடத்தில் இருக்கிறது. இடம் இல்லாத வண்டியில் மென்மையான ஸ்ப்ரிங் போட்டால் இன்னும் சீக்கிரம், இன்னும் வேகமாகக் கட்டையில் போய் முட்டும். "சாஃப்ட் ஸ்ப்ரிங் போட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு" என்று பலர் குழம்புவது இதனால்தான். இது இடுப்பு வலியோடு நிற்கும் சமாச்சாரமும் இல்லை. ஈரமான சாலையில் வளைவின் நடுவே பின்பக்கம் கட்டையில் முட்டினால், அந்தச் சக்கரத்தின் ஸ்ப்ரிங் ஒரு நொடியில் பல மடங்கு கடினமாகிறது. பிடிப்பு திடீரென்று போகும். பின்சக்கர வண்டியில் இது விளையாட்டில்லை.

ஆகவே முதலில் உயரம். இந்தக் கிட்டில் ஸ்ப்ரிங் உட்காரும் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றலாம். 25 மி.மீ. தூக்கினோம், டேம்பரில் 17 மி.மீ. இடம் கிடைத்தது. பம்ப் ஸ்டாப்பை மாற்றி, படிப்படியாக இறுகும் குட்டையான ஃபோம் கட்டை போட்டதில் இன்னொரு 15. மொத்தம் 44. சக்கரக் கணக்கில் 6 செ.மீ.க்கு மேல். (வளையத்தை ஏற்றினால் ஸ்ப்ரிங் கடினமாகிவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. சாதாரண நேர்கோட்டு ஸ்ப்ரிங்கில் அப்படி ஆகாது, உயரம்தான் மாறும்.) தோற்றத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வந்துவிட்டது. நண்பருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "ஜீப் மாதிரி இருக்கு" என்றார். முதுகா அழகா என்று அவரையே முடிவு செய்யச் சொன்னேன்.

அதே நாளில் காசில்லாத இரண்டு வேலைகள். டயரில் காற்று 34 பிஎஸ்ஐ இருந்தது. எந்தக் கார் வந்தாலும் டயர் கடையில் அப்படித்தான் பிடித்து அனுப்புகிறார்கள். இந்த வண்டிக்குத் தொழிற்சாலை சொன்னது 26. இலகு வண்டிக்கு அவ்வளவுதான் தேவை. சின்னச் சின்னக் கடகடப்பு உடனே குறைந்தது. இரண்டாவது, விஷ்போன் புஷ்கள். இவை ரப்பர், நட்டோடு சேர்த்து இறுக்கப்பட்டவை. சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு தானே ஒரு ஸ்ப்ரிங்காக மாறிவிடும், சீக்கிரம் கிழியவும் செய்யும். எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது எல்லா நட்டையும் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்களில் இதைச் செய்ய மாட்டார்கள், நேரம் எடுக்கும். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு ஸ்ப்ரிங்கைத் தொடலாம். இங்கே மாரிஸ் ஓலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரோல்ஸ்-ராய்ஸில் இருந்த ஆங்கிலேயர், 1930-இல் அமெரிக்காவில் காடிலாக் போனவர். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைச் செய்து, அதில் ஆட்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடினால் அந்தத் தாமதம் அப்படியே தங்கி, வண்டி முன்னும் பின்னும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டும். பின் ஸ்ப்ரிங் சற்று வேகமாக ஆடினால், முன்னதை எட்டிப் பிடித்து இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். உடம்பு தலையாட்டலைவிட இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். எம்எக்ஸ்-5-இன் இரு அச்சுகளுக்கும் நடுவே 2265 மி.மீ.தான். 80 கி.மீ. வேகத்தில் தாமதம் 0.1 நொடி. குட்டை வண்டியில் தலையாட்டல் இன்னும் பளிச்சென்று தெரியும்.

நண்பரின் கிட்டில் முன்பக்கம் வேகம், பின்பக்கம் மெதுவு. ஓலி சொன்னதற்குத் தலைகீழ். பந்தயத் தடத்தில் அதற்குக் காரணங்கள் இருக்கலாம், கிராமத்துச் சாலையில் இல்லை. நான்கு பக்கமும் 4 கிலோ ஸ்ப்ரிங் போட்டோம். பின் சக்கரத்தில் நகர்வு விகிதம் சற்று அதிகம் என்பதால் அதே ஸ்ப்ரிங் அங்கே கொஞ்சம் வேகமாக ஆடும்: முன்னால் 1.5, பின்னால் 1.6 ஹெர்ட்ஸ். இதில் கவனிக்க வேண்டியது ஸ்ப்ரிங்கின் நீளம். கடினம் பாதியானால் அமுங்குவது இரண்டு மடங்கு. முன்பு 4 செ.மீ. அமுங்கியது இப்போது 8. அதே உயரத்தில் நிற்க ஸ்ப்ரிங் 4 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். இதை மறந்து அதே நீளத்தில் வாங்கினால் வண்டி மறுபடி கட்டையில் போய் உட்காரும்.

கடைசியாக டேம்பர், நம்ம ஊர் பாஷையில் ஷாக் அப்சார்பர். ஸ்ப்ரிங்கைப் பாதியாக்கினால், பழைய டேம்பரின் அடக்கும் விகிதம் 1.4 மடங்கு கூடிவிடும் (2-இன் வர்க்கமூலம்). 8 கிலோவுக்குச் சரியாக இருந்தது 4 கிலோவுக்கு அதிகம். அதிலும் விரியும்போது அதிகமாக இறுக்கினால் ஒரு விசித்திரம் நடக்கும். அடுத்தடுத்து மேடுகள் வரும்போது, முதல் மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் கட்டையில் போய் நிற்கும். வெளியே பார்க்க ஸ்ப்ரிங் கடினம் போலத் தெரியும், உண்மையில் டேம்பர் அதை விரியவே விடவில்லை. நண்பரின் கிட்டில் இருந்த திருகு பெரும்பாலும் விரியும் திசையைத்தான் மாற்றியது. ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தி, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, எழுதி வைப்பது. மென்பொருளில் பிழை தேடும் அதே ஒழுக்கம்தான். ஆறாவது கிளிக்கில் நன்றாக இருந்தது. எட்டாவதில் மேடு தாண்டிய பிறகும் படகு மாதிரி மிதந்தது. ஆறுக்கே திரும்பினோம்.

உயரம் மாறியதால் கேம்பரும் டோவும் மாறியிருக்கும், எனவே ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மூட்டை வைத்து அலைன்மென்ட் பார்த்தாயிற்று. வளைவில் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது. அதற்குத் தடிமனான ஆன்டி ரோல் பார் போடலாமா என்று கேட்கிறார். முன்பக்கம் மட்டும், அதுவும் அளவோடு என்பது என் பதில். அந்தக் கம்பி இடது வலது சக்கரங்களை இணைப்பதால், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வந்தால் அடுத்த பக்கத்துக்கும் அந்த உதை போகும். கேபிள் டை இன்னும் தண்டில்தான் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது முன்னால் கட்டைக்கு 9 மி.மீ. கீழே நின்றது.