செஞ்சிக் கோட்டையும் நாலு பாட்டில் தண்ணீரும்



"செஞ்சிக் கோட்டைதானே, அதான் ஸ்கூல் டூர்லயே பார்த்தாச்சே" என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "ராஜகிரி உச்சிவரை ஏறினியா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். இந்த மாசி மாதம் வரை நானும் அந்தப் பாதியில் ஒருவன்தான்.

ஏன் மாசி? புத்தகக் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பாறை மலை ஏறினால் தோசைக்கல் மேல் நடந்த மாதிரிதான்! மாசியில் காலையில் கொஞ்சம் பனி இருக்கும், காற்றும் இதமாக இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். மொத்தம் ஆறு பேர். மூவர் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் (சுமார் 28 கி.மீ.), மூவர் விழுப்புரத்திலிருந்து (40 கி.மீ. அளவில்) வந்து செஞ்சி பஸ் நிலையத்தில் சேருவதாகத் திட்டம்.

காலை ஏழு மணி என்று பேசினோம். எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஒன்பது. பொங்கல், வடை, காபி, அரட்டை எல்லாம் முடிந்து மலையில் கால் வைத்தபோது மணி பத்தரை. எங்கள் முதல் தவறு இது. இரண்டாவது, ஆறு பேருக்கு நாலே நாலு ஒரு லிட்டர் பாட்டில்.

கோட்டையின் பலம் எது?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. ராஜகிரிதான் உயரமானது, சுமார் 800 அடி. 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690-ல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல்! நமக்கெல்லாம் தெரிந்த ராஜா தேசிங்கு 1714-ல் போரில் இறந்தபோது வயது 22தான். நம்மைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், அவ்வளவே. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு மதில் மட்டும் காரணமில்லை. எங்கள் சிவில் நண்பன் கீழேயே காட்டினான்: "பாருடா, சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம்... கல்யாண மகாலுக்கு மண்குழாய் போட்டுத் தண்ணி கொண்டுவந்திருக்கான்." தண்ணீர் இருந்ததால்தான் கோட்டை நின்றது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நாலு பாட்டிலோடு நாங்கள் ஏறினோம்!

நடந்தது என்ன?

கொஞ்ச தூரத்திலேயே ஒரு குரங்கு பிஸ்கட் பையைப் பறித்தது. பைக்குள் ஒரு பாட்டிலும் போயிற்று. மீதி மூன்று. கமலக்கண்ணி அம்மன் கோயிலை நெருங்கும்போது அவையும் காலி. அதுவரை எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டு வந்த எலக்ட்ரிகல் நண்பன் திடீரென்று பேச்சை நிறுத்தினான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "மச்சான், கண்ணு இருட்டுதுடா" என்று படியிலேயே சாய்ந்துவிட்டான். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வியர்வை. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை.

கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பம்தான் காப்பாற்றியது. அந்த அம்மா, "முதல்ல நிழலுக்குத் தூக்குங்கப்பா, சட்டை பட்டனைக் கழட்டுங்க" என்றார். ஈரத் துண்டால் முகம், கழுத்து துடைத்துவிட்டு, தூக்குச்சட்டியிலிருந்து உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அரை மணியில் எழுந்து உட்கார்ந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க மேல போங்கடா, நான் இங்கேயே இருக்கேன்." அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் போகவில்லை. ஆறு பேரும் இறங்கினோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

60 கிலோ எடையுள்ளவன் 240 மீட்டர் ஏறினால் செய்யும் வேலை 60 × 9.8 × 240, அதாவது சுமார் 141 கிலோஜூல். நம் உடம்பு என்ஜினின் திறன் ஏறக்குறைய 20 சதவீதம்தான். ஆக, எரிக்கும் ஆற்றல் சுமார் 705 கிலோஜூல். மிச்சம் 564 கிலோஜூல் வெப்பமாக உடம்புக்குள் நிற்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெளியேறும். அப்படியானால் ஏறும் வெப்பத்துக்கு மட்டுமே கால் லிட்டர் அளவுக்கு வியர்வை வேண்டும். தலைக்கு மேல் வெயில், காலடியில் சுட்ட பாறை, ஆவியாகாமல் வீணாகச் சொட்டும் வியர்வை இவற்றைச் சேர்த்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். கூடவே உப்பும் போகும். வெறும் தண்ணீர் மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

எனவே நண்பர்களே, ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். கோட்டை திறந்ததும் ஏறத் தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் கரைசல் தயார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். கூட வருபவன் திடீரென்று மௌனமானால் நின்று கவனியுங்கள். உளறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆறு பேர் மறுபடி போனோம். இந்த முறை கோட்டை வாசலுக்கு முதலில் வந்து நின்றவன் எலக்ட்ரிகல் நண்பன்தான்! உச்சிக்குச் சற்று முன், ஆழமான பிளவின் மேல் இருக்கும் சிறு பாலத்தைக் கடந்தோம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். மேலே ரங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம், பழைய பீரங்கி. எதிரே கிருஷ்ணகிரி, நடுவில் நூல் போலத் திருவண்ணாமலை சாலை.

அவன் பையைத் திறந்து பாட்டிலை நீட்டினான். "குடிடா மாப்ளே, இன்னும் ரெண்டு லிட்டர் இருக்கு" என்றான்.

அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது!

— இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு