மறவாமை பகைமை அன்று: பள்ளி வகுப்பறையில் இனப்படுகொலை வரலாறு



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகளின் விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மகிழ்ச்சி அடங்கும் முன்னரே, பெத்லகேமில் ஏரோது கொன்ற பச்சிளங் குழந்தைகளை நாம் நினைவுகூருகிறோம். குடிலின் முன் நிற்கும் சிறுவர்களுக்கு இக்கொடுமையை ஏன் சொல்ல வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், பள்ளியில் இனப்படுகொலை பற்றிக் கற்பிக்க வேண்டும் என்றால் மட்டும் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். பிஞ்சு மனத்தில் நஞ்சைக் கலப்பதா, பழைய பகையைக் கிளறுவதா என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. எனவே பொறுமையாகச் சிந்திப்போம்.

இனப்படுகொலை என்பது யாது?

இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1950இலும், இந்தியா 1959இலும் அதில் இணைந்தன. ஒரு தேசிய, இன அல்லது சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் ஐந்து வகைச் செயல்களை அது குறிப்பிடுகிறது. அக்குழுவினரைக் கொல்லுதல், உடலுக்கோ உள்ளத்துக்கோ கடுங்கேடு விளைவித்தல், உயிர்வாழ முடியாத நிலைக்குத் தள்ளுதல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பிரித்து வேறு குழுவிடம் சேர்த்தல் ஆகியவையே அவை.

சட்டத்தின் மொழி கடினமாகத் தோன்றலாம். ஆனால் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரயேலரின் எண்ணிக்கையைக் கண்டு பார்வோன் அஞ்சுகிறான். அந்த அச்சத்தைத் தன் மக்களிடமும் விதைக்கிறான். அடுத்து அடிமை வேலை. அதன்பின், ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி மருத்துவப் பெண்களுக்கு இரகசியக் கட்டளை. இறுதியில், குழந்தைகளை நைல் நதியில் எறியும்படி எல்லாருக்கும் வெளிப்படையான ஆணை. கொலை கடைசியில்தான் வருகிறது. அச்சமும் வெறுப்புப் பேச்சும் முன்னே வருகின்றன. சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவப் பெண்கள் கடவுளுக்கு அஞ்சி மன்னனின் கட்டளையை மீறினர் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. கொன்றவனும் இறந்தவர்களும் மட்டுமல்ல, மறுத்தவர்களும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

நம் கடலுக்கு அப்பால்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு மன்னார் அந்நிய ஊர் அன்று. ஒரே மன்னார் வளைகுடாவில் இரு கரையினரும் முத்துக் குளித்தனர். இலங்கைப் போரின்போது கடல் கடந்து வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் தாப்பாத்தி, மாப்பிள்ளையூரணி ஆகிய இடங்களின் முகாம்களில் குடியமர்ந்தன. 2021 முதல் இவை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. முகாம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தில் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை அவர்கள் சேர்ந்தே படிக்கிறார்கள். ஆனால் பக்கத்து இருக்கைத் தோழியின் பாட்டி ஏன் படகில் வந்தார் என்பது நம் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

அவர்கள் அறிய வேண்டியவை பல. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தவர் நம் கத்தோலிக்கக் குருவும் மொழி அறிஞருமான தாவீது அடிகள். 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் வேட்டையாடப்பட்டனர். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிப் போரில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, அரசு அலுவலகங்களின் மக்கள்தொகைக் கணக்குகளையே ஒப்பிட்டு, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று 2011 ஜனவரியில் அரசு ஆணைக்குழு முன் எடுத்துரைத்தார். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கேள்வி இன்னும் விடை காணவில்லை.

இதற்கு என்ன பெயர் இடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015இல் இதை இனப்படுகொலை எனத் தீர்மானித்தது. கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இதை மறுக்கிறது. ஐ.நா. விசாரணை அறிக்கை 2015இல் போர்க்குற்றங்களையும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களையும் பற்றிப் பேசியது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டையும் மாணவருக்கு மறைக்காமல் சொல்லலாம். சான்றுகளை எடைபோடக் கற்பதுதானே வரலாற்றுப் பாடம்.

கனடாவின் ஒன்ராறியோ மாநிலம் 2021இல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்தை இயற்றியது. மே 18இல் முடியும் ஏழு நாட்களில், தமிழ் இனப்படுகொலையையும் உலகின் பிற இனப்படுகொலைகளையும் பற்றி அறிந்துகொள்ள அது மக்களை ஊக்குவிக்கிறது. இது மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2022இல் தள்ளுபடியானது. 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ரொறன்ரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் இவ்வாய்ப்பு, நம் கரையில் வளரும் பிள்ளைக்கும் வேண்டாமா?

நம்மவர் செய்ததும் பாடமே

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. நம் காயங்களை மட்டும் சொல்லி, நம்மவர் பிறருக்கு இழைத்ததை மறைத்தால் அது வரலாறு ஆகாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அவர்களுள் மன்னார் தீவின் முஸ்லிம்களும் உண்டு.

திருச்சபையும் இந்தத் தேர்விலிருந்து விலக்குப் பெறவில்லை. 1994இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அந்நாட்டினரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். துட்சி இனத்தாரைக் கரப்பான் பூச்சிகள் என்று வானொலி இழித்தது. ஆலயங்களில் அடைக்கலம் தேடியவர்களும் தப்பவில்லை. நியாங்கே பங்கு ஆலயத்தை மக்களோடு சேர்த்து இடித்ததற்காக அப்பங்கின் குருவையே பன்னாட்டு நீதிமன்றம் தண்டித்தது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையும் அதன் மக்களும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

மாறாக, நினைவு பகையாக மாற வேண்டியதில்லை என்பதற்கும் நம்மிடமே சான்று உள்ளது. 1544இல் மன்னாரில் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். அந்த மறைசாட்சியரை இன்றளவும் நாம் போற்றுகிறோம். அதற்காக யாழ்ப்பாண மக்களை எவரும் வெறுத்ததில்லை. இறந்தவர்களை மதிப்பது வேறு, கொன்றவனின் வழிமரபைப் பழிப்பது வேறு.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

நம் தென்மாவட்டங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் தம் வீட்டிலேயே சக பள்ளி மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நாங்குநேரிச் சம்பவம் இனப்படுகொலை அன்று. ஆனால் மனிதனை அடையாளத்தால் பிரித்து, இழிபெயர் சூட்டி, அடிக்கத் துணியும் பாதை அதேதான். அப்பாதையின் முடிவு எங்கே என்பதை அறிந்த மாணவன், முதல் அடியிலேயே நிற்கக் கற்றுக்கொள்வான்.

எனவே ஆசிரியப் பணியில் இருக்கும் நம் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்தை ஒரு மதிப்பெண் வினாவாக முடித்துவிடாதீர்கள். சிறுவருக்குக் கோரமான படங்களைக் காட்ட வேண்டாம்; எப்படித் தொடங்கியது, யார் மறுத்தார்கள், யார் மௌனம் காத்தார்கள் என்று பேசவையுங்கள். வகுப்பில் முகாம் பிள்ளை இருந்தால், அதன் விருப்பமின்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். பெற்றோரே, இரவு உணவின்போது வேறு சாதி, சமய மக்களைப் பற்றி நாம் சொல்லும் ஒரு சொல், பள்ளியில் நடத்தும் பாடத்தை முழுவதுமாக அழித்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிடுவதை இறைவன் கேட்டார். உன் சகோதரன் எங்கே என்று காயினிடம் வினவினார். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்லத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்போம். அதற்கான துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக.