சிறு கிளி வளர்ப்போர் கவனத்திற்கு: பறவையின் பராமரிப்பும் குடும்பத்தின் நுரையீரல் நலமும்

வீட்டில் வளர்க்கும் சிறு கிளியின் நலமும் அவ்வீட்டில் வாழ்வோரின் நுரையீரல் நலமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கிளிக்கு அளிக்கும் உணவு, கூண்டைத் தூய்மை செய்யும் முறை, கூண்டு வைக்கப்படும் இடம் ஆகிய மூன்றும் இரு தரப்பினரையும் பாதிக்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் சிறு கிளிகளை வளர்ப்போரும், அவ்வீடுகளில் நோயாளிகளைப் பராமரிப்போரும் அறிய வேண்டிய செய்திகள் இங்கு விளக்கப்படுகின்றன.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றமாகும். அத்தகைய கிளி வீட்டில் இருந்தால் அதனைத் திடீரெனப் பறக்கவிட வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்த பறவையால் வெளியில் இரை தேடி வாழ இயலாது. வனத்துறையினரிடம் ஒப்படைக்கவும். கடைகளிலும் சந்தைகளிலும் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகார் என்னும் சிறு கிளியாகும். அதன் எடை 30 முதல் 40 கிராம் வரை மட்டுமே. இக்கட்டுரை அச்சிறு கிளியையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்டுள்ளது.

உணவு முறை

ஒரு பட்ஜெரிகாருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி தானியம் போதுமானது. தினை, சாமை, கம்பு ஆகியவற்றைக் கலந்து அளிக்கலாம். ஆயினும் தானியத்தை மட்டுமே உண்ணும் கிளிக்கு வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து ஆகியவை குறைவுபடும். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்படலம் சிதைந்து, கிருமித் தொற்று எளிதில் ஏற்படும். எனவே முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை, கேரட் துருவல் ஆகியவற்றை நன்கு கழுவி நாள்தோறும் சிறிதளவு அளிக்கவும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டி வைக்கவும். புதிய உணவைக் கிளி உடனே ஏற்காது. பழகும் வரை தானியத்தை நிறுத்தக் கூடாது.

பால் சோறு கிளிக்கு ஏற்றதன்று. பாலில் உள்ள சர்க்கரையைப் பறவைகளால் செரிக்க இயலாது. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, தேநீர், உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியவற்றை அறவே தவிர்க்கவும். கீரையும் பழமும் நான்கு மணி நேரத்திற்கு மேல் கூண்டில் இருந்தால் அகற்றிவிடவும். மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த தானியத்தை வெயிலில் உலர்த்தி மீண்டும் அளிக்கக் கூடாது.

உமியை ஊதாதீர்கள்

பட்ஜெரிகார் தானியத்தின் உமியை நீக்கி உட்பருப்பை மட்டும் உண்ணும். உமி கிண்ணத்திலேயே தங்குவதால், கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். உள்ளே தானியம் இராது. இதனை அறியாத வீடுகளில் கிளி பட்டினியால் இறக்க நேரிடலாம். ஆகவே நாள்தோறும் கிண்ணத்தைச் சோதிக்க வேண்டும்.

உமியை அகற்றக் கிண்ணத்தை முகத்தருகே வைத்து வாயால் ஊதும் வழக்கம் பலரிடம் உள்ளது. இது தவிர்க்கப்பட வேண்டியது. உமியுடன் காய்ந்த எச்சத்தின் துகளும் இறகுத் தூளும் எழுந்து நேரே மூச்சுக்குள் செல்கின்றன. உமியை ஈரமான தாளின் மீது கொட்டிச் சுருட்டி அகற்றவும். கிண்ணத்தைக் கழுவி, நன்கு உலர்ந்த பின் புதிய தானியம் இடவும்.

மனிதருக்கு ஏற்படக்கூடிய நோய்கள்

முதலாவது, கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ். கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியாவால் இது உண்டாகிறது. தொற்றுள்ள கிளி நலமாகத் தோன்றினாலும் அதன் எச்சத்தின் வழியாகக் கிருமி வெளியேறலாம். பயணம், நெரிசல், பட்டினி போன்றவற்றால் பறவை நலிவுறும்போது கிருமி வெளியேறுவது கூடும். 1929-30ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகள் வழியே இந்நோய் பல நாடுகளில் பரவி உயிரிழப்புகளை ஏற்படுத்தியது. கிருமி உட்சென்ற 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல், கடுமையான தலைவலி, தசை வலி, வறட்டு இருமல் ஆகியவை பெரும்பாலும் தொடங்கும். சிலருக்கு நிமோனியாவாக முற்றும். தகுந்த மருந்தால் இந்நோய் குணமாகும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது.

இரண்டாவது, பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய். இது தொற்று அன்று. இறகுத் தூள், எச்சத் துகள் ஆகியவற்றுக்கு எதிராக உடலில் எழும் ஒவ்வாமை அழற்சி. சிலருக்குக் கூண்டைத் தூய்மை செய்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்து, தாமே தணியும். வேறு சிலருக்கு மாதக் கணக்கில் மூச்சிரைப்பு மெல்ல மெல்லக் கூடி, நுரையீரலில் தழும்பு உண்டாகும். அத்தழும்பு மறைவதில்லை, எனவே தொடக்கத்திலேயே கண்டறிவது இன்றியமையாதது. 2017இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நுரையீரல் இடைத்திசு நோயுற்ற 1,084 பேரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இவ்வகை ஒவ்வாமை அழற்சியே காரணமாக இருந்தது. பறவைத் துகளுடன் பூஞ்சை போன்றவையும் அதனைத் தூண்டக்கூடியவை.

மருத்துவரிடம் கூற வேண்டிய ஒரு செய்தி

1928இல் காசநோயாளிகளுக்கென மருத்துவ நிலையம் தொடங்கப்பட்ட ஊர் தாம்பரம். இங்கு நீடித்த இருமல் என்றவுடன் மக்கள் நினைவுக்கு வருவது காசநோய்தான். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம் தேவை. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அத்துடன், "எங்கள் வீட்டில் கிளி வளர்க்கிறோம்" என்ற செய்தியையும் மருத்துவர் கேட்கும் முன்பே கூறவும். கிளி அண்மையில் இறந்திருந்தாலும், பிறரிடம் கொடுக்கப்பட்டிருந்தாலும், அண்டை வீட்டில் இருந்தாலும் கூறவும். மேற்கண்ட இரு நோய்களையும் ஐயுறுவதற்கு மருத்துவருக்குக் கிடைக்கும் முதற்குறிப்பு பெரும்பாலும் இதுவே.

மருந்துக் கடையில் தாமாகவே மருந்து வாங்கி உட்கொள்ள வேண்டாம். பரவலாக வாங்கப்படும் அமாக்சிசிலின் கிளிக் காய்ச்சலுக்குப் போதிய பலன் தராது. வழக்கமாக அளிக்கப்படும் டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுவது. எனவே மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூண்டும் தூய்மையும்

• கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து நாள்தோறும் மாற்றவும். எடுப்பதற்கு முன் நீர் தெளித்து நனைக்கவும். உலர்ந்த நிலையில் பெருக்கவோ தட்டவோ வேண்டாம்.
• வாரம் ஒரு முறை கூண்டைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்தவும். அப்பொழுது என்95 முகக்கவசம் அணியவும். பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.
• படுக்கையறையிலும் சமையலறையிலும் கூண்டை வைக்க வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடான நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடியது. கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் கிளிக்குத் தீங்கானவை.
• கிளிக்கு வாயிலிருந்து உணவு ஊட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது.
• புதிதாக வாங்கிய கிளியை 30 நாள்கள் தனிக் கூண்டில், தனி அறையில் வைத்துக் கவனிக்கவும்.
• அக்னி நட்சத்திர நாள்களில் கூண்டை நிழலுக்கு மாற்றி, நீரை இரு முறை மாற்றவும்.
• வடகிழக்குப் பருவமழையின்போது பால்கனிக் கூண்டு அறைக்குள் வரும், சன்னல்களும் மூடப்படும். துகள் வெளியேற வழியின்றி அறையிலேயே தங்குவதால், அந்நாள்களில் ஒரு சன்னலையேனும் திறந்து வைக்கவும்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோர், கர்ப்பிணிகள், முதியோர், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்தோ பெறுவோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் ஆகியோர் கூண்டைத் தூய்மை செய்யும் பணியை வேறொருவரிடம் விடவும். பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய் உறுதியானவர் வீட்டில் கிளியை வேறு இல்லத்திற்கு அனுப்ப வேண்டியிருக்கும். இம்முடிவு குடும்பத்தினருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வருத்தம் தரும். ஆயினும் மருந்து மட்டும் இதற்கு மாற்றாகாது.

கிளி நோயுற்றால்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருத்தல், பகலில் உறங்குதல், மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் அசைதல், நீர்த்த பச்சை எச்சம், கண்ணிலோ மூக்கிலோ நீர் வடிதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் அணுகலாம். மனிதருக்குரிய மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டாம். இறந்த கிளியை வெறுங்கையால் தொடாமல், உறையில் இட்டுக் கட்டி அகற்றவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், மனக்குழப்பம், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 108 ஊர்தியை அழைக்கவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.